தொட்டது தொட்டதுதான்

அவனியாபுரம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, எட்டுக்கு ஆறு அளவில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. காலை ஏழு மணிக்கு அதில் வந்து உட்கார்ந்தால் ரங்கநாயகி மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கமாட்டாள். எழுந்திருப்பது அவளுக்கு லேசுப்பட்ட காரியமும் இல்லை. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. இரும்புப் பட்டை மாட்டிய காலை இரண்டு கையாலும் தூக்கி வைத்து, ஊன்றுகோலைத் தேடி எடுத்து நிற்பதற்குள், கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறவர் லைன் கிடைக்கவில்லை என்று கதவைத் தட்ட ஆரம்பித்துவிடுவார். அந்தக் காலுக்காகத்தான் அரசாங்கம் அவளுக்குப் பூத்தே கொடுத்தது. காலைக் கொடுத்துக் காதுக்கு வேலை வாங்கிக்கொண்டேன் என்று அவளே சொல்வாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் மாட்டாள்.

ஊரில் ஒரு பெண் முப்பத்தாறு வயதுவரை கல்யாணம் ஆகாமல் இருந்தால் வருகிறவன் போகிறவனெல்லாம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவான். கேட்டுக் கேட்டு அவளுக்கும் சலித்துவிட்டது, பதில் சொல்லிச் சொல்லி நாக்கும் தேய்ந்துவிட்டது. அண்ணன் ராமதாஸ் வீட்டு மாடியறையில் இருந்தாள். வீட்டுக்குள் சௌராஷ்ட்ரப் பேச்சு, பூத்துக்குள் தமிழ், துபாய்க்குப் பேச வருகிறவர்களுக்கு நம்பர் சுழற்றும்போது இங்கிலீஷ். ஒரு நாளைக்கு நூறு பேர் அவள் காதுபட அழுதார்கள், சண்டை போட்டார்கள், பெண் பார்த்தார்கள். சாயங்காலம் ஆனால் யாராவது வாயைத் திறந்தாலே அவளுக்குக் களைப்பாக இருக்கும்.

அந்தக் களைப்புக்கு மருந்தாக வந்ததுதான் பிரிக் கேம். அண்ணன் மகள் ஸ்வர்ணா சலித்துப்போய்த் தூக்கிப்போட்ட கை மிஷின். உள்ளங்கையில் அடங்கும், இரண்டு பேட்டரி போதும். மேலேயிருந்து கட்டை கட்டையாக விழும். திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். ஒரு வரிசை இடைவெளி இல்லாமல் நிரம்பினால் அந்த வரிசை மறையும். அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. அவ்வளவுதான். கட்டைகள் அழவில்லை, கடன் சொல்லவில்லை, கல்யாணம் எப்போது என்று கேட்கவில்லை. அது ஒன்றே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

பூத்துக்குப் பக்கத்தில்தான் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு. பன்னிரண்டு வண்டி, அதற்குமேல் சங்கம் இடம் கொடுக்காது. முதலில் வந்த வண்டி முதலில் ஆள் ஏற்றும், அதற்குப் பேர் ‘டேர்ன்’. இரண்டு வண்டி ஒரே நேரத்தில் வந்து மூக்கை நீட்டினால்தான் வம்பு. ஸ்டாண்டில் பாதிப்பேர் ஒரு சாதி, மீதிப்பேர் இன்னொரு சாதி. டேர்ன் தகராறில் ஆரம்பிக்கிற பேச்சு நாலாவது வாக்கியத்தில் பாட்டன் பூட்டன் வரைக்கும் போய், கண்ணாடி உடைந்து, போலீஸ் வந்துதான் நிற்கும். அப்படி ஒரு நாள் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இரைச்சல் தாங்கமுடியாமல் ரங்கநாயகிதான் மிஷினை ஜன்னல் வழியே நீட்டினாள். ஆளுக்கு ஒரு ஆட்டம் ஆடுங்கள், அதிகப் புள்ளி எடுக்கிறவன் முதலில் போகட்டும், எனக்கு இங்கே போன் சத்தம் கேட்கவில்லை என்றாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது, ஆறு வருசம் ஓடியது. சங்கச் செயலாளர் சின்னச்சாமி, இப்போது வண்டி ஓட்டாத ஐம்பது வயது மனிதர், வெற்றிலை வாயோடு எல்லோரிடமும் சொல்வார்: அந்தத் தாயி நம்ம ஆளும் இல்லை, அவங்க ஆளும் இல்லை, அது சொன்னா ரெண்டு பக்கமும் கட்டுப்படும். உண்மைதான். கட்டுப்பட்டார்கள். கைகலப்பு நின்றது. ஜெயித்தவன் பெரிதாகச் சிரிப்பதில்லை, தோற்றவன் முணுமுணுப்பதில்லை. ஊருக்கு ஒரு நாட்டாமை என்றால் ஸ்டாண்டுக்கு ரங்காக்கா. அவளுக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. வேறு எதற்குத்தான் அவளை நாலு பேர் தேடி வந்தார்கள்?

ஆறு வருசத்தில் அந்த ஆட்டத்துக்குச் சட்டதிட்டங்கள் முளைத்துவிட்டன. நடுவில் நிறுத்தி வைக்கும் பொத்தானை அழுத்தினால் தோல்வி, பெற்ற தாயிடமிருந்தே போன் வந்தாலும் சரி. பக்கத்தில் நிற்கிறவன் வாய் திறந்தால் அவனுக்கு அடுத்த டேர்ன் கிடையாது. அடுத்து வரப்போகிற கட்டையைப் பார்க்கக்கூடாது. இந்தச் சட்டம் எப்படி வந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். எல்லா மிஷினிலும் திரையின் ஓரத்தில் அடுத்த கட்டை தெரியும். ரங்கநாயகி மிஷினில் அந்த மூலையில் ஒரு தடவை ரசம் கொட்டிக் கறுத்துப்போயிருந்தது. அதனால் அங்கே யாரும் அடுத்த கட்டையைப் பார்த்ததே இல்லை. பார்க்காததே நியாயம் என்று ஆகிப்போனது.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், ‘தொட்டது தொட்டதுதான்.’ விழுகிற கட்டை கீழே இருக்கிற அடுக்கைத் தொட்டுவிட்டால் அப்புறம் இம்மி நகராது. அவள் மிஷினில் நிஜமாகவே நகராது. தொட்ட கணமே ஒட்டிக்கொள்ளும். அவள் அதை மிஷினின் குணமாக நினைக்கவில்லை, ஆட்டத்தின் நீதியாகவே நினைத்தாள். உலகம் முழுக்க அப்படித்தான் ஆடுகிறார்கள் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

ரெண்டாயிரமாவது வருசம் மே மாதம் ஸ்டாண்டில் ஒரு வண்டிக்காரர் வண்டியை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போனார். ஒரு இடம் காலி. அதற்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் காளை, உள்ளூர்க்காரன், ஸ்டாண்டிலேயே மாற்று டிரைவராக இருந்து அப்போதுதான் சொந்த வண்டி எடுத்தவன். இன்னொருவன் பேயாண்டி. டி. கல்லுப்பட்டிப் பக்கம் விவசாயம் பார்த்துக் கிணறு வற்றி, மாடுகன்றை விற்று, சொந்தத்தில் ஒரு ஷேர் ஆட்டோ எடுத்துக்கொண்டு வந்தவன். மனைவி கனகலட்சுமியும் கைக்குழந்தையும் வாடகை வீட்டில் இருந்தார்கள். ஸ்டாண்டில் இடம் இல்லாமல் ரோட்டில் ஆள் ஏற்றினால் அடித்து விரட்டுவார்கள். இடம் கிடைத்தால் பிழைப்பு, இல்லையென்றால் வண்டி வெறும் தகரம். சங்கத்தில் ஆறு பேர் காளைக்கு, ஐந்து பேர் பேயாண்டிக்கு, சின்னச்சாமி யாருக்கும் சொல்லாமல் வெற்றிலையை மென்றார். கடைசியில் எல்லோரும் பூத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பாருங்கள், விதி எங்கே இருந்து வருகிறதென்று. அதற்கு முந்தின வாரம்தான் பழைய மிஷின் உயிரை விட்டது. சின்னச்சாமி டவுன்ஹால் ரோட்டு நடைபாதையில் புதுசு ஒன்று வாங்கி வந்தார். அதே நிறம், அதே பொத்தான்கள். ஆனால் அடுத்த கட்டை பளிச்சென்று தெரிந்தது. இது என்ன கள்ள மிஷினா இருக்கு என்று ரங்கநாயகி அந்த மூலையில் ஒரு பிளாஸ்திரியை ஒட்டினாள். எல்லோரும் திருப்தியானார்கள்.

திங்கட்கிழமை, ராகு காலம் கழிந்து ஒன்பது மணிக்கு ஆட்டம் என்று சின்னச்சாமி நாள் குறித்தார். அன்றைக்குத்தான் பிளஸ் டூ ரிசல்ட் என்பதை அவர் யோசிக்கவில்லை. பூத் வாசலில் இருபது பேர் வரிசை. கூண்டுக்குள் ஒரு அம்மா, மகனின் பதிவு எண்ணைத் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தார். ரங்கநாயகிக்கு முதல் நாளிலிருந்தே தலைவலி. ஒரு கண் மீட்டரில், ஒரு கண் மிஷினில்.

காளை முதலில் ஆடினான். எட்டாயிரத்து நானூறு. நல்ல ஆட்டம். பிறகு பேயாண்டி ஜன்னல் ஓரம் குந்தி உட்கார்ந்தான். கரடுமுரடான கட்டை விரல், ஆனால் பொத்தான் சத்தமே கேட்கவில்லை. ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் வந்தபோது அடுக்கு பாதிக்கு மேல் ஏறிவிட்டது. இடதுபக்கம் ஒரு கட்டை கூரைபோல நீட்டிக்கொண்டிருக்க, அதற்கு அடியில் ஒரு பொந்து. அதை மூட வழியே இல்லை என்றுதான் சுற்றி நின்றவர்கள் நினைத்தார்கள். பேயாண்டி ஒரு கட்டையைப் பக்கத்தில் இறக்கினான், அது தரையைத் தொட்டது, தொட்ட பிறகு ஒரு தட்டுத் தட்டினான். கட்டை நழுவிக் கூரைக்கு அடியில் போய் உட்கார்ந்தது. மூன்று வரிசை ஒரேயடியாக மறைந்தது.

காளை கத்திவிட்டான், தொட்டதுக்கு அப்புறம் நகட்டுறான், கள்ள ஆட்டம் என்று. ஆறு பேர் அவனோடு சேர்ந்து கத்தினார்கள். ஐந்து பேருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை, ஏனென்றால் அவர்களும் ஆறு வருசமாகக் கண்டது அந்த ஒரு சட்டத்தைத்தான். கூண்டுக்குள் அந்த அம்மா ஓவென்று அழ ஆரம்பித்தார், பையன் பெயில். மீட்டர் ஓடியது. ரங்கநாயகி கையை நீட்டி மிஷினை வாங்கிக்கொண்டாள்.

“தொட்டது தொட்டதுதான். ஆட்டம் காளைக்கு” என்றாள்.

அவ்வளவுதான். பேயாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய் வண்டியை எடுத்தான். தப்பாட்டம் ஆடினாலும் தகராறு செய்யாமல் போனானே என்று சின்னச்சாமி பாராட்டிப் பேசினார்.

மூன்று மாதம் போனது. பேயாண்டி வண்டியை விற்றுவிட்டானாம், சமயநல்லூரில் யாரோ ஒருவருடைய தண்ணீர் லாரி ஓட்டுகிறானாம் என்று காற்றுவாக்கில் வந்தது. ரங்கநாயகி கேட்டுக்கொண்டு பில் கிழித்துக் கொடுத்தாள்.

ஆகஸ்டில் ஒரு மழை மத்தியானம். ஆள் நடமாட்டம் இல்லை. புது மிஷினை எடுத்து ஆடிக்கொண்டிருந்தாள். ஆறு வருசப் பழக்கம், கட்டை தொட்டதும் விரல் தானாகப் பொத்தானை விட்டுவிடும். அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் விரல் தாமதமாக அழுத்தியது. கட்டை தரையைத் தொட்ட பிறகு நகர்ந்து, ஒரு பொந்துக்குள் தானாகப் போய் உட்கார்ந்தது.

முதலில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். திரும்பச் செய்தாள். பத்துத் தடவை செய்தாள். பத்துத் தடவையும் நகர்ந்தது. கண் இமைக்கிற நேரம், அந்த நேரத்தை மிஷினே கொடுக்கிறது. இதில் கள்ளம் எதுவும் இல்லை. பழைய மிஷினுக்கு ஒரு குணம், இதற்கு ஒரு குணம். அவ்வளவு காலம் அவள் நீதி என்று கட்டிக்காத்தது ரசம் கொட்டின ஒரு ஓட்டை மிஷினின் பழக்கத்தை. ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, நாட்டாமை என்று உட்கார்ந்திருக்கிறாளே, பாவி.

சின்னச்சாமியைக் கூப்பிட்டுச் செய்து காட்டினாள். அவர் இரண்டு தடவை பார்த்தார், மூன்றாவது தடவை பார்க்கவில்லை.

“தாயி, யானைக்கும் அடி சறுக்கும். ஆனா இதை வெளில சொல்லாதீக. உங்க வாயில இருந்து தப்புன்னு ஒரு சொல்லு வந்துச்சுன்னா, நாளப்பின்ன ஒரு பய கட்டுப்படமாட்டான். மறுபடியும் வெட்டுக்குத்துதான்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பூத்தைச் சாத்தினாள். ஆறு வருசத்தில் பட்டப்பகலில் பூத் சாத்தியது அன்றைக்குத்தான். ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு நேராகக் காளையின் வண்டிக்குப் போனாள், சமயநல்லூருக்குப் போகவேண்டும் என்றாள். எதற்கு என்று கேட்டான். சொன்னாள், மிஷினில் செய்தும் காட்டினாள்.

காளை கெட்டவன் இல்லை. அவனும் அவள் மிஷினில் ஆடிப் பழகினவன். அன்றைக்குக் கத்தியது மனதறிந்த பொய் இல்லை. முகம் செத்துப்போய் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கூட்டிட்டுப் போறேங்க்கா. எடத்த விட்டுக் குடுன்னு மட்டும் சொல்லிறாதீங்க. எனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்கு.”

தனி ஆளாக அவளை ஏற்றிக்கொண்டு பழங்காநத்தம், காளவாசல், பரவை என்று அவன் ஓட்டினான். வழியெல்லாம் ஆட்கள் கைகாட்டினார்கள், நிறுத்தவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரும்புப் பட்டை அவள் தொடையில் இடித்தது. எதற்காகப் போகிறோம் என்றே பாதி வழியில் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கொடுப்பதற்குக் கையில் என்ன இருக்கிறது?

சமயநல்லூருக்கு வெளியே ஒரு போர்வெல் பம்புசெட்டில் லாரிகள் தண்ணீருக்கு நின்றன. பேயாண்டியின் லாரிக்குள் குழாய் விட்டிருந்தது. அவன் வேப்பமரத்தடியில் கவிழ்த்துப்போட்ட டயரில் உட்கார்ந்திருந்தான். மெலிந்து போயிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, தான் உட்கார்ந்த டயரைத் துண்டால் தட்டிவிட்டான். காளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியிலேயே இருந்துகொண்டான்.

உட்கார்ந்ததும் மூச்சு வாங்க அவள் சொன்னாள், தன் தீர்ப்புத் தப்பு, புது மிஷினில் நகர்த்தலாம், அவன் ஆடியது சரியான ஆட்டம், தனக்கு அது தெரியாது, அவனாவது அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று.

பேயாண்டி அவளை நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

“சொன்னேங்க்கா. ரெண்டு தடவ சொன்னேன். நீங்க கையக் காட்டி நிறுத்திட்டு மீட்டரப் பாத்தீங்க.”

ரங்கநாயகிக்குச் சுருக்கென்றது. நினைத்துப் பார்த்தாள். கூண்டுக்குள் அழுத அம்மா நினைவுக்கு வந்தார், ஓடின மீட்டர் எண் நினைவுக்கு வந்தது, கடைசியில் தன்னுடைய வலது கை தெரிந்தது. உள்ளங்கை விரித்து, இரு இரு என்று ஒருவன் வாய்க்கு நேராகக் காட்டிய கை. அந்த வாய் அசைந்ததும் தெரிந்தது. என்ன சொன்னான் என்பது மட்டும் இல்லை. நாளெல்லாம் ஊரார் பேச்சைக் கேட்டே பிழைத்தவள், கேட்கவேண்டிய ஒரே பேச்சைக் கேட்கவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை.

இப்போது இடம் கிடைக்குமா என்று அவன் கேட்டான். கிடைக்காது என்றாள். அப்புறம் எதற்கு இந்தக் காலை வைத்துக்கொண்டு இம்புட்டுத் தூரம் வந்தீங்க என்றான்.

“அன்னிக்கு நீ சொன்னத இப்பச் சொல்லு. கேக்கத்தான் வந்தேன்.”

அவன் அவள் கையிலிருந்த மிஷினை வாங்கினான். மூலையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை நகத்தால் உரித்துப் போட்டான். ஆடிக்கொண்டே சொன்னான். கல்லுப்பட்டித் திருவிழாக் கடையில் வாங்கிய மிஷினில் பழகியது; அங்கே எல்லோரும் இப்படித்தான் நுழைப்பார்கள், நுழைக்கத் தெரியாதவனைத்தான் கேலி செய்வார்கள்; அடுத்த கட்டையைப் பார்த்துத்தான் இந்தக் கட்டையை வைப்பார்கள்; சந்தேகமாக இருந்தால் நீங்களே ஒரு தடவை நகர்த்திப் பாருங்கள் என்றுதான் அன்றைக்குச் சொன்னானாம். அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. அவன் விரல்கள் போன போக்கில் கட்டைகள் இண்டு இடுக்கெல்லாம் புகுந்து உட்கார்ந்தன. ஆறாயிரம் தாண்டியது, ஏழாயிரம் தாண்டியது.

லாரி நிரம்பித் தண்ணீர் வழிந்தது. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான். பேயாண்டி நிறுத்தி வைக்கும் பொத்தானை அழுத்தினான். அழுத்திய பிறகுதான் அவளுடைய சட்டம் அவனுக்கு நினைவு வந்தது போலிருக்கிறது, லேசாகச் சிரித்தான். வாரேங்க்கா என்று மிஷினை அவள் மடியில் வைத்துவிட்டு ஓடினான். திரையில் ஏழாயிரத்து அறுநூறு, பாதி வானத்தில் ஒரு கட்டை நின்றுகொண்டிருந்தது.

திரும்பி வரும்போது அவள் மிஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் திரை தானாக இருண்டது. பயந்துபோய்ப் பொத்தானை அழுத்தினாள். கட்டை விட்ட இடத்திலேயே நின்றது.

மறுநாளே ஸ்டாண்டில் டேர்ன் தகராறு. முத்திருளன் என்ற டிரைவரும் இன்னொருவனும் பூத்துக்கு வந்து மிஷினைக் கேட்டார்கள். ரங்கநாயகி கொடுக்கவில்லை. மிஷினில் ஒருவனுடைய ஆட்டம் பாதியில் நிற்கிறது, அது முடிந்தால்தான் அடுத்தது என்றாள். யார் ஆட்டம் என்று கேட்டார்கள். பேயாண்டி ஆட்டம் என்றாள். நிறுத்தினால் தோல்வி என்பது நீங்கள் போட்ட சட்டம்தானே என்று முத்திருளன் மடக்கினான். ஆமாம், அந்தச் சட்டமும் தப்பு, தொட்டது தொட்டதுதான் என்றேனே அதுவும் தப்பு, எல்லோரும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஜன்னல் வழியே ஸ்டாண்டுக்கே கேட்கச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த காளை வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வேறு மிஷின் வாங்கி வந்தார்கள். தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லாமல் அதுவே புதுச் சண்டைக்குக் காரணமானது. நகர்த்தலாம் என்றான் ஒருத்தன், கூடாது என்றான் ஒருத்தன். ஒன்பது நாளில் இரண்டு கண்ணாடி உடைந்தது, முத்திருளனுக்கு நெற்றியில் நாலு தையல். ரங்கநாயகி ஜன்னலைச் சாத்திக்கொண்டு பில் கிழித்தாள். இறங்கி வரவில்லை. தினமும் காலையில் ஒரு தடவை மட்டும் பொத்தானை அழுத்தி, கட்டை நிற்கிறதா என்று பார்த்து மறுபடி டிராயரில் வைப்பாள்.

பத்தாவது நாள் சின்னச்சாமி வந்தார். வெற்றிலை போட்டிருக்கவில்லை. பூத் படியில் உட்கார்ந்தார். அப்புறம், பதிமூணாவது வண்டிக்கு இடம் பண்ணினால் ஆளுக்கு ஒரு டேர்ன் குறையும், பயல்களிடம் பேசிப் பார்த்திருக்கிறேன், காளை முதல் ஆளாக ஒத்துக்கொண்டான் என்றார். பேயாண்டி வண்டியை விற்றுவிட்டானே, வருவானா தெரியாது என்றும் சொன்னார்.

“சமயநல்லூர்ல எந்தப் பக்கம் தாயி, அந்தப் பய லாரி நிக்கிறது?”

அவள் டிராயரைத் திறந்து மிஷினை எடுத்தாள். முந்தானையால் திரையைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

“ஊருக்கு வெளிய, பம்புசெட்டு வேப்பமரத்தடி. இதைக் குடுத்து ஆடச் சொல்லுங்கண்ணே. ஆடிக்கிட்டே ஏதாவது சொல்வான். முடிக்கிற வரைக்கும் கேட்டுட்டு வாங்க.”

கூண்டுக்குள் யாரோ லைன் கிடைக்கவில்லை என்று கதவைத் தட்டினார்கள். ரங்கநாயகி இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி வைத்து, ஊன்றுகோலைத் தேடி எடுத்து எழுந்தாள்.